வெற்றியின் பற்று யார் பெயரில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த வெற்றி பற்றிய கட்டுரையையும், அதை மறுத்துத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். மனிதன் பிறவியிலேயே சுயநலக்காரன், அதை மூடிமறைக்காமல் ஒப்புக்கொண்டு முந்திச் செல்பவனே ஜெயிக்கிறான், அறம் பேசுவதெல்லாம் தோற்றவர்கள் தேடிக்கொள்ளும் ஆறுதல் என்பது கட்டுரையாளரின் வாதம். நேர்மையாக இருங்கள், வெற்றி தானாக வந்து சேரும் என்பது மறுத்தவர்களில் பலரின் பதில். வேலை பார்த்த காலம் முழுவதையும் நிறுவனங்களின் உள்தணிக்கைப் பிரிவில் கழித்த எனக்கு இரண்டு பேச்சுமே உறுத்துகின்றன. இளைஞர்கள் கையில் இரண்டு தரப்பும் தப்பான கணக்கைக் கொடுக்கின்றன என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கட்டுரையாளர் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தன் நலத்தைப் பார்த்துக்கொள்வது குற்றமில்லை. பதவி உயர்வு வேண்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும், வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று நினைக்காத மனிதரை நான் பார்த்ததில்லை. தன் உழைப்புக்கு உரியதைக் கேட்டு வாங்கத் தெரியாதவர், நிறுவனத்துக்கு வர வேண்டிய பாக்கியையும் கேட்டு வாங்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம் வசூல் பொறுப்பைக் கொடுக்க எந்தத் தணிக்கையாளரும் பரிந்துரைக்க மாட்டார்.

கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கும் ஸ்காட்லாந்துப் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் சொன்னதும் ஏறக்குறைய இந்த அளவுதான். கடைக்காரர் நம்மேல் உள்ள அன்பினால் கடை திறப்பதில்லை, தன் பிழைப்புக்காகத் திறக்கிறார், அதனால் நமக்கும் பயன் கிடைக்கிறது என்றார். ஆனால் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1759இல், அறவுணர்வைப் பற்றித் தனி நூல் எழுதியவரும் அவரே. மனிதனை எவ்வளவு சுயநலக்காரனாகக் கருதினாலும், பிறர் நன்றாக இருப்பதில் அக்கறை கொள்ளவைக்கும் ஏதோ ஒன்று அவன் இயல்பில் இருக்கிறது என்றுதான் அந்த நூல் தொடங்குகிறது. அவர் இறந்த 1790ஆம் ஆண்டில் வெளிவந்த திருத்திய பதிப்பில் புதிதாக ஓர் அத்தியாயமே சேர்த்தார். பணக்காரர்களையும் பெரிய மனிதர்களையும் வியந்து போற்றுகிற நம் சுபாவம்தான் நம் அறவுணர்வைக் கெடுக்கும் பெரிய காரணம் என்று அதில் எழுதினார். வெற்றிக் கதைகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் இந்தக் காலத்தில் அந்த அத்தியாயத்தை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

மனித இயல்பே சுயநலம் என்பதும் பாதி உண்மைதான். 1982இல் ஜெர்மானியப் பொருளியலாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை பிறகு பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடத்தப்பட்டிருக்கிறது. ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, இன்னொருவருடன் பங்கிட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அந்த இன்னொருவர் தமக்கு ஒதுக்கிய பங்கை ஏற்றால் இருவருக்கும் பணம் கிடைக்கும். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. சுயநலம் ஒன்றே கணக்கு என்றால், எவ்வளவு கொஞ்சமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதுதானே முறை? மிகக் குறைந்த பங்கைப் பலர் தூக்கியெறிந்தார்கள். கைக்கு வந்ததை இழந்தாவது அநியாயத்துக்கு உடன்பட மறுப்பதும் மனித இயல்புதான்.

என் தொழில் எனக்குப் பழக்கிவைத்த கேள்வி ஒன்று உண்டு. இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியத் துறவி 1494இல் அச்சில் விளக்கி எழுதினார். வெனிஸ் வணிகர்கள் அதற்கு முன்பிருந்தே அப்படித்தான் கணக்கு எழுதிவந்தார்கள். இன்றும் உலகம் முழுவதும் அதே முறைதான். ஓரிடத்தில் வரவு எழுதினால், அதே தொகைக்கு வேறோரிடத்தில் பற்று இருந்தாக வேண்டும். ஒரு கிளையின் லாபம் திடீரென்று ஏறியிருந்தால் தணிக்கையாளர் உடனே பாராட்ட மாட்டார், எதிர்ப்பதிவு எங்கே என்று தேடுவார். விற்பனை உண்மையிலேயே கூடியிருந்தால் அது பேரேட்டில் கிடைத்துவிடும். சில நேரம் பேரேட்டில் கிடைக்காது. சரக்குக் கொடுத்த சிறு நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்ததில் இருக்கும். பராமரிப்பைத் தள்ளிப்போட்டு ஓட்டிய இயந்திரத்தில் இருக்கும். விடுமுறை நாளிலும் வேலைக்கு வரவழைக்கப்பட்டவரின் வீட்டில் இருக்கும். சுயநலம் எந்த இடத்தில் அறக்கேடாக மாறுகிறது என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டுவேன்: என் லாபத்துக்கான பற்றை, அவரைக் கேட்காமலே, இன்னொருவர் பெயரில் எழுதிவைக்கும் இடம்.

ஒரு சரக்குச் சோதனையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டு முடிவில் சரக்கிருப்பைச் சரிபார்க்க ஒரு நிறுவனத்தின் கிடங்குக்குப் போயிருந்தேன். அட்டைப்பெட்டிகள் கூரையை எட்டும்வரை அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் அடுக்கின் முகப்பிலும் சரக்கின் பெயரும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் எண்ணிப் பெருக்கினால் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கை அப்படியே வந்தது. கிளை மேலாளர் கூடவே நின்றார். நான் கைகாட்டிய பெட்டிகளையெல்லாம் இறக்கித் திறந்துகாட்டச் சொன்னார். எல்லாவற்றிலும் சரக்கு இருந்தது. எல்லாமே முகப்பு வரிசைப் பெட்டிகள். அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்து வெளியே போன நேரத்தில், அதுவரை வாய் திறக்காமல் நின்றிருந்த கிடங்குப் பொறுப்பாளர் ஏணியைத் தள்ளிக்கொண்டுவந்து சுவரோரமாகப் போட்டார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். "மேலே ஏறி, பின்வரிசையில் கைவைத்துப் பாருங்கள் சார்" என்றார்.

ஏறினேன். பின்வரிசையில் இருந்த பெட்டி ஒற்றை விரல் பட்டதும் நகர்ந்தது. ஒட்டுநாடா பளபளவென்று புதிதாக இருந்தது. கிழித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் இருந்ததும், அதன் கீழே இருந்ததும் அப்படியே. சுற்றிலும் சரக்கு, நடுவில் காற்று.

அறிக்கை போனது. அந்தப் பொறுப்பாளரின் உதவியில்லாமல் இது வெளிப்பட்டிருக்காது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தேன். நிறுவனம் விஷயத்தை வெளியே கசியவிடாமல் முடித்துக்கொண்டது. மேலாளர் ராஜினாமா செய்துவிட்டு, வேறொரு நிறுவனத்தில் முன்பைவிடப் பெரிய பதவியில் சேர்ந்தார். கிடங்கு அவர் பொறுப்பில்தானே இருந்தது என்று காரணம் காட்டி, பொறுப்பாளரை ஓய்வுக்கு முன்பாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் எழுதிய வரிகள் அவரைக் காப்பாற்றவில்லை. பிற்பாடு அவரைச் சந்தித்தபோது, ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "என்றைக்காவது பெட்டி காலி என்று தெரிந்தால் திருடன் என்று என் பெயரைத்தானே எழுதுவார்கள்" என்றார். பிறகு, "அது மட்டும் பயம் என்றால் வாயை மூடிக்கொண்டு ஓய்வு வாங்கிப் போயிருப்பேன்" என்றும் சொன்னார். தன்னைக் காத்துக்கொள்ளும் எண்ணமும் பொய்யைச் சுமக்க முடியாத மனசும் ஒரே ஆளுக்குள் ஒன்றாக இருந்தன. சுயநலம் ஒருபுறம், அறம் மறுபுறம் என்று கோடு கிழித்துப் பேசுகிறவர்கள் இப்படிப்பட்ட மனிதரை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இதே வித்தையை உலகமே பார்க்கும் அளவுக்குச் செய்தவர் டினோ டி ஆஞ்சலிஸ் என்ற அமெரிக்க எண்ணெய் வணிகர். நியூஜெர்சியில் அவருடைய தொட்டிகளில் பெரும்பகுதி தண்ணீர், மேலே மட்டும் எண்ணெய். எண்ணெய் மிதக்கும் என்பதால், மேலிருந்து அளவுகோல் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தொட்டி நிறைய எண்ணெய் இருப்பதாகவே தெரிந்தது. அந்த இருப்பைக் காட்டி, இவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று உறுதிசொல்லும் கிடங்கு ரசீதுகளை வாங்கி, அவற்றை அடகுவைத்து அவர் கடன் வாங்கிக்கொண்டே போனார். 1963 நவம்பரில் குட்டு உடைந்தபோது நஷ்டம் 15 கோடி டாலருக்கும் மேல்.

ரசீது கொடுத்திருந்தது அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் துணை நிறுவனம். அது தனி நிறுவனம், அதன் கடனுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தாய் நிறுவனம் கைகழுவிவிடச் சட்டத்தில் வழி இருந்தது. அதன் தலைவர் ஹோவர்ட் கிளார்க் அந்த வழியில் போகவில்லை. பங்கு விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்திருந்த நேரத்தில், கடன் கொடுத்து ஏமாந்தவர்களுக்குப் பணம் தர முன்வந்தார். கடைசியில் 6 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. எங்கள் பணத்தை ஏன் அள்ளிக்கொடுக்கிறீர்கள் என்று பங்குதாரர்கள் சிலர் வழக்கே போட்டார்கள். அந்தச் சரிவில் பங்குகளை வாங்கிக் குவித்த வாரன் பஃபெட் என்ற இளம் முதலீட்டாளர் கிளார்க்கின் முடிவை ஆதரித்தார். நிறுவனம் பிழைத்து எழுந்து பன்மடங்கு வளர்ந்தது.

கிளார்க் செய்தது தியாகமா, கெட்டிக்காரத்தனமா? போகும் ஊரில் பணமாக மாற்றிக்கொள்ளும் பயணிகள் காசோலையை விற்கும் நிறுவனத்துக்கு நம்பிக்கை போய்விட்டால் விற்க வேறு சரக்கே கிடையாது. அது அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இரண்டும் சேர்ந்தே இருந்ததாகப் படுகிறது, சேர்ந்திருப்பதில் ஒரு குறையையும் நான் காணவில்லை. பற்றைத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டார். எனக்கு அது போதும்.

பெரிய மோசடிகளைப் பற்றிப் படிக்கிறவர்கள் அதன் தலைவர்களைத்தான் பார்க்கிறார்கள். நான் என்றும் பார்ப்பது நடுவில் இருக்கும் மேசைகளை. 2002இல் சரிந்த வேர்ல்ட்காம் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஓர் இடைநிலைக் கணக்காளர் இருந்தார். பிற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களைப் பயன்படுத்தக் கொடுக்கும் கட்டணம் அந்த நிறுவனத்தின் பெரிய செலவு. லாபம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்பதற்காக அந்தச் செலவைக் குறைத்துக்காட்டும் பதிவைப் போடச் சொன்னார்கள். அவர் தயங்கினார். இந்த ஒரு தடவை மட்டும் என்றார்கள். போட்டார். ராஜினாமாக் கடிதமும் எழுதினார். ஆனால் வீட்டில் கணவரைவிட அவர்தான் அதிகம் சம்பாதிப்பவர், மருத்துவக் காப்பீடும் அவர் வேலையை நம்பித்தான் இருந்தது. கடிதத்தைக் கொடுக்கவில்லை. அடுத்த காலாண்டில் மறுபடியும் கேட்டார்கள். பிறகு, அந்தக் காலத்து லாபத்திலேயே கழிக்க வேண்டிய நடப்புச் செலவையே, பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்கும் மூலதனச் செலவாக மாற்றி எழுதச் சொன்னார்கள். கடைசியில் அவருக்கு ஐந்து மாதச் சிறை.

கட்டுரையாளர் சொல்லும் துணிச்சலான சுயநலக்காரரை இந்தக் கதையில் தேடிப்பார்த்தால், நிறுவனத்தின் தலைவர் நாற்காலியில் ஒருவர் கிடைப்பார். 2005இல் அவருக்கு 25 ஆண்டு தண்டனை. ஆனால் மோசடியைத் தினந்தோறும் கையால் எழுதி நடத்தியது வேலை போய்விடுமே என்ற பயம், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலை. யாருக்கும் புரிகிற சுயநலம். 2009 ஜனவரியில் சத்யம் என்ற இந்திய மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் எழுதிய ஒப்புதல் கடிதமும் இதையேதான் சொன்னது. உண்மையான லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் நடுவே சிறிய இடைவெளியாகத் தொடங்கியது ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துவிட்டது, புலிமேல் ஏறிவிட்டவனுக்கு அது தன்னைத் தின்றுவிடாமல் இறங்கும் வழி தெரியாதது போல ஆகிவிட்டது என்றார். முதல் பதிவின் தொகை எப்போதும் மன்னிக்கத்தக்கதாகவே தோன்றும். இளைஞர்களுக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டிய இடம் அதுதான். "முந்திச் செல்ல அஞ்சாதே" என்று எழுதும்போது அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்?

அதே வேர்ல்ட்காமில் உள்தணிக்கைத் தலைவராக இருந்தவர் சிந்தியா கூப்பர். மூலதனச் செலவுக் கணக்குகளைச் சோதிப்பதை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்லி நிதித் தலைவரே கேட்டபோதும் அவர் நிறுத்தவில்லை. சக ஊழியர்கள் கண்ணில் படாமல் இரவு நேரங்களில் தம் குழுவோடு கணினிப் பதிவுகளைத் துழாவினார். 2002 ஜூனில் முதலில் வெளிவந்த மோசடித் தொகை 380 கோடி டாலர். விசாரணை முடிந்தபோது அது ஏறக்குறைய 1,100 கோடி டாலராகியிருந்தது. நிறுவனம் திவாலாகிப் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். உண்மையைச் சொன்னவர்மேலேயே அந்தக் கோபத்தைக் காட்டியவர்களும் உண்டு. எங்கள் தொழிலில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் நிமிர்ந்து உட்காருவோம்.

கட்டுரையில் கவனிக்காமல் விடப்பட்ட ஒன்று எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. கள்ளக் கணக்கு செல்லுபடியாவதே நல்ல கணக்குகள் ஏராளமாக இருப்பதால்தான். நூறு ரசீதுகளில் பெரும்பாலானவை உண்மையாக இருந்தால்தான் பொய் ரசீதை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார். காலிப் பெட்டி நிறைந்த பெட்டிகளின் மறைவில்தான் நிற்க முடியும். எல்லோரும் ஏமாற்றத் தொடங்கினால் ஏமாற்றுகிறவனுக்கே முதலில் பிழைப்பு போய்விடும். சுயநலத்தால் ஜெயித்தேன் என்று மேடையில் சொல்பவர் உண்மையில் செலவழித்தது பிறர் நேர்மையாக இருந்து சேர்த்துவைத்த நம்பிக்கையை. அவர் அதில் எதையும் சேர்க்கவில்லை, எடுத்தார். வெற்றியின் இயந்திரம் சுயநலம் என்று எழுதுகிறவர்கள் அந்த இயந்திரம் யார் வீட்டு எரிபொருளில் ஓடுகிறது என்று பார்ப்பதே இல்லை.

மறுப்புக் கடிதம் எழுதிய வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் உள்ளம் எனக்குப் புரிகிறது. 1959இல் வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை இருக்கைப்பட்டையை மற்றக் கார் நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று அந்த நிறுவனம் திறந்துவிட்டதையும், அதனால் அது நொடித்துப்போகவில்லை என்பதையும் உங்களில் ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். உண்மை. இப்படி இன்னும் நிறைய எடுத்துக்காட்டலாம். ஆனால் அந்தக் கிடங்குப் பொறுப்பாளரிடம் போய், நேர்மைக்கு வெற்றி தானாக வரும் என்று உங்களால் சொல்ல முடியுமா? அவருக்கு வரவில்லை. நேர்மையை வெற்றிக்கான உத்தியாக விற்றால், வெற்றி கிடைக்காத முதல் நாளே வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நேர்மைக்குச் செலவு உண்டு, சில நேரம் பெரிய செலவு, அதை யாரும் உனக்குத் திருப்பித் தராமலும் போகலாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்வதுதான் கௌரவம். தெரிந்து ஏற்றுக்கொள்பவர்தான் அந்தக் காலாண்டு முடிவில் பேனாவைக் கீழே வைப்பார்.

அப்படி வைப்பவரைத் தனியாளாக நிற்கவிடுவது நம் எல்லோர் குற்றமும்தான். முறைகேட்டைச் சொன்னவரைக் காக்கும் விதிகள் நிறுவனங்களில் எழுத்தில் இருக்கின்றன. சொன்னவர் அடுத்த பதவி உயர்வில் எங்கே இருந்தார் என்று பின்தொடர்ந்து பார்க்கும் ஆள்தான் பெரும்பாலும் இல்லை. என் தணிக்கை அறிக்கைகளில் இதைத் தனிப் பத்தியாகவே எழுதிவந்தேன். அதிகம் படிக்கப்படாத பத்தி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆசிரியர் அவர்களே, வெற்றிக் கதைகளை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. உழைத்து மேலே வந்தவர்களைப் பற்றிப் படிக்க எனக்கும் ஆசைதான். அடுத்த முறை ஒரு தொழிலதிபரை நேர்காணும் முன்பு, அவருக்குச் சரக்குக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றைத் தொடர்புகொண்டு, பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்று உங்கள் செய்தியாளரைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே வேலையை விட்டுப் போன ஒருவரிடம் ஏன் போனார் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதில்களை அதிபரிடமும் வைத்து, அவர் சொல்வதையும் சேர்த்து வெளியிடுங்கள். நல்லவராக இருந்தால் அவர் புகழ் இன்னும் கூடும். பொய்ப் பதிவு போட மறுத்து வேலையை இழந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே பக்கத்தில், அதே அளவு படத்தோடு இடம் கொடுங்கள். நேர்காணலுக்கான கேள்விகளைத் தயாரிக்கவோ, ஆண்டறிக்கையை வாசித்துக் குறிப்பெடுத்துத் தரவோ ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தெரிவியுங்கள். அந்த வேலையை மகிழ்ச்சியோடு செய்துதருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்தணிக்கையாளர் ஒருவர்